பார்த்த கூலி

நாச்சிமார் கோயிலடியில் வளைக்கப் போனால்
ஸ்டியரிங் ஆட்டுக்கல்லாய்க் கனத்தது.
பின்னால் பஸ் ஹோன் அடித்தது.
மோட்டார் சைக்கிளில் ஒரு பொடியன்
"அக்கா, பழகிப்போட்டு றோட்டுக்கு வாங்கோ"
என்றபடி போனான்.
பதினொரு வருடமாய் ஓடுகிறேன்.
வாயில் மறுமொழி வந்தபோது அவன்
தட்டாதெருச் சந்தி தாண்டியிருப்பான்.

கராஜ் குகதாசன் ஏறியிருந்து
இந்தப் பக்கம் ஒருக்கால்
அந்தப் பக்கம் ஒருக்கால் முறுக்கினார்.
"றாக் போட்டுது.
கொழும்பில இருந்து எடுப்பிக்கவேணும்.
சாமானும் கூலியும் ஒண்டே முக்கால் முடியும்."
ஒன்றே முக்கால் இலட்சம்.
இலட்சம் என்ற சொல்லை மட்டும்
அவர் விழுங்கிவிட்டார்,
எனக்கு நோகக்கூடாதென்று போலும்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள்.
மண்ணெண்ணெய்ப் பரலுக்குள்
கோல் விட்டுப் பார்க்காமல் இருப்பு எழுதியதில்லை.
குகதாசன் பொனற்றைத் திறக்கவேயில்லை.
வவுச்சர் இல்லாத செலவு மாதிரி
அது மனதில் துருத்திக்கொண்டு நின்றது.
"யோசிச்சுச் சொல்லுறன்" என்று
தோள்மூட்டு கழர, மெல்ல மெல்ல
கொக்குவிலுக்கு ஓட்டி வந்தேன்.

இரவு கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
நானே திறந்தேன்.
ஓயில் டப்பாவின் மூடியில் ஒரு கோல்,
கோலில் இரண்டு கோடு,
இரண்டு கோட்டுக்கும் கீழே, வறட்சி.
போன ஓயில் எங்கே?
விரலால் தேடினேன்.
டப்பாவின் அடியில் இறங்கும் ஓசின் கழுத்தில்
செம்மண் புழுதி ஊறிப்போய்
பினாட்டுப் போல ஒட்டிக் கிடந்தது.
துடைத்தேன்.
நுனியில் ஒரு வெடிப்பு,
வெடிப்பின் மேலே
துருப்பிடித்து இளகிய ஒரு கிளிப்.
அவ்வளவுதான். அதுதான் ஒன்றே முக்கால்.

காலமை ஸ்ரான்லி வீதி.
கிளிப் இருநூற்றிருபது.
மூடியில் எழுதியிருந்த அதே ஓயில், ஒரு லீற்றர்,
மூவாயிரத்து நானூறு.
"எந்தக் கராஜுக்கு மிஸ்?" என்றான் கடைப் பொடியன்.
பில்லில் என் பேரை எழுதச் சொன்னேன்.

எஞ்சின் ஆறும்வரை தேத்தண்ணி குடித்தோம்
நானும் அடுத்த வீட்டு ஜெயசீலியும்.
வெடித்த நுனியை ஒரு அங்குலம் வெட்டி,
மிச்சத்தை ஏற்றி, புதுக் கிளிப்பை இறுக்கி,
முன் சில்லுகளை ஜக்கில் தூக்கி
ஸ்ராண்டும் கல்லும் வைத்து
அவளை ஏற்றி இருத்தினேன்.
ஜெயசீலிக்கு லைசென்ஸ் இல்லை.
கார் ஓடாதென்று தெரிந்தும்
பெல்ற் போட்டுக்கொண்டாள்.
"இடம்!" என்றால் இடக்கோடி,
"வலம்!" என்றால் வலக்கோடி,
நான் ஊற்ற ஊற்ற
டப்பாவுக்குள் கூழ் கொதிப்பதுபோலக் குமிழி.
இருபது தரம். இருபத்தைந்து.
"எங்கையடி போறம்?" என்றாள், வியர்த்து.
"பண்ணைப் பாலம்."
"அப்ப கடல் வரேக்க சொல்லு."

குமிழி அடங்கியது.
சில்லை இறக்கி ஸ்ராட் பண்ணினேன்.
ஒரு முனகல், இன்னொரு முனகல்,
பிறகு ஒற்றை விரலுக்குத் திரும்பியது.
ஒற்றை விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பின்னேரம் கராஜுக்குப் போனேன்.
"ஓ... ஓசோ? சிலவேளை அப்பிடியும் வரும்" என்றார் குகதாசன்
என்னைப் பார்க்காமல், ஒரு நட்டைப் பார்த்து.
ஐந்நூறு ரூபாயை மேசையில் வைத்தேன்.
"என்னத்துக்கு?"
"நீங்கள் பாத்த கூலி. ரசீது வேணும்."
எழுதத்தான் செய்தார், சிகரெட் பெட்டி கிழித்து.
"பாத்தது" என்று எழுதி, வெட்டி,
"ஸ்டியரிங் திருப்பினது" என்று எழுதினார்.
அந்த வெட்டலுக்காக
அடுத்த முறையும் அவரிடம்தான் போவேன்.
பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு.

ஜெயசீலியின் ஐஸ்கிறீம் அறுநூறு சேர்த்து
மொத்தம் நாலாயிரத்து எழுநூற்றிருபது.

காருக்குக் கீழே பிஸ்கற் பெட்டி அட்டை விரித்திருக்கிறேன்.
நேற்று மூன்று துளி. இன்று ஒன்று.
பழைய ஓயில் வடியுது என்கிறாள் அவள்.
இருக்கும்.
அட்டையை இன்னும் எடுக்கவில்லை.